நாள்வழியிலிருந்து பேரேட்டுக்கு: விலைப்பட்டியலைக் கணினியில் ஏற்றும்போது கவனிக்க வேண்டியவை

நாள்வழி, பேரேடு என்ற இரண்டு புத்தகங்களைப் புரட்டாமல் வளர்ந்த வியாபாரி நம்மில் அதிகம் பேர் இருக்க முடியாது. அன்றன்று நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதி வைப்பது நாள்வழி. அதையே ஆள்வாரியாகவும் சரக்குவாரியாகவும் பிரித்து, உரிய தலைப்பின் கீழ் ஏற்றுவது பேரேடு. ஒருவருடைய பாக்கி எவ்வளவு என்று கேட்டால் நாள்வழியில் முதல் பக்கத்திலிருந்து தேட வேண்டும். பேரேட்டில் பெயரைப் பார்த்ததும் பக்கம் கிடைத்துவிடும். நாள்வழி சரியாக இருந்து, பேரேட்டில் தப்பாக ஏறினால் என்ன ஆகும் என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இப்போது பெரும்பாலான கடைகளில் இந்த ஏற்றும் வேலையைக் கணினி செய்கிறது. மில்லிலிருந்தும் மண்டியிலிருந்தும் வரும் விலைப்பட்டியல், பில் போடும் மென்பொருளிலிருந்து எடுக்கும் சரக்குப் பட்டியல், பாக்கிப் பட்டியல் ஆகிய எல்லாம் கமா போட்டுப் பிரித்த வரிகளாகத்தான் கைக்கு வருகின்றன. அவற்றைத் தலைப்புவாரியாக மாற்றி, கடையின் ஆர்டர் பக்கத்திலோ செல்போனிலோ காட்டுவதற்கு ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினி மொழியில் ஒரு சிறிய புரோகிராம் எழுதுகிறார்கள். எழுதுகிறவர் நம் வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம், சம்பளத்துக்கு வைத்த தம்பியாக இருக்கலாம். யார் எழுதினாலும் விலை தவறினால் நஷ்டம் முதலாளிக்குத்தான். எனவே புரோகிராம் எழுதத் தெரியாவிட்டாலும், அது என்ன செய்கிறது, எங்கே இடறும் என்பதை வியாபாரி தெரிந்து வைத்திருப்பது நல்லது.

கமா பட்டியல்

ஒரு சிறிய பட்டியலை எடுத்துக்கொள்வோம். விலைகள் உதாரணத்துக்காக மட்டுமே.

எண்,சரக்கு,எச்.எஸ்.என்.,சிப்பம்,விலை
140,விரலி மஞ்சள்,0910,50 கிலோ,7500
101,துவரம் பருப்பு,0713,50 கிலோ,6100
122,மிளகு,0904,25 கிலோ,17500
103,சீனி,1701,50 கிலோ,2150

முதல் வரி தலைப்பு. மற்றவை ஒவ்வொன்றும் ஒரு சரக்கு. ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவில் ஒரு கமா. இதற்கு சி.எஸ்.வி. என்று பெயர். கமாவுக்குப் பதில் நெட்டுக்கோடு, அரைப்புள்ளி, டேப் ஆகியவற்றைப் போடுவதும் உண்டு. கணினி உலகில் இந்த வழக்கம் மிகப் பழையது. இருந்தாலும் இதற்கான விதிகளைத் தொகுத்து ஆர்.எஃப்.சி. 4180 என்ற குறிப்பாக வெளியிட்டது 2005-ஆம் ஆண்டு அக்டோபரில்தான். அதுவரை ஆளுக்கொரு விதம். இன்றும் அந்த விதிகளை எல்லோரும் பின்பற்றுவதில்லை என்பதுதான் பாதிச் சங்கடத்துக்குக் காரணம்.

இந்த வரிகள் நாள்வழி போன்றவை. இவற்றைப் பேரேடாக மாற்றும்போது, 122 என்று கேட்டால் "சரக்கு: மிளகு, சிப்பம்: 25 கிலோ, விலை: 17500" என்று பதில் வர வேண்டும். இதில் 122 என்பது சாவி. அதைத் திறந்தால் கிடைப்பது மதிப்பு. உள்ளேயும் அப்படியே: "விலை" என்பது சாவி, 17500 அதன் மதிப்பு. கணினிக்காரர்கள் இதைக் கீ-வேல்யூ என்பார்கள். பேரேட்டின் தலைப்பும் அதன் கீழ் உள்ள பற்று வரவும் போல என்று நாம் புரிந்துகொண்டால் போதும்.

ஜாவாஸ்கிரிப்ட் வந்த கதை

ஜாவாஸ்கிரிப்ட்டை 1995-ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவர் பத்தே நாளில் முதல் வடிவமாக உருவாக்கினார். இணையப் பக்கங்களுக்குள் சிறு வேலைகளைச் செய்ய வேண்டும் என்பதே நோக்கம். ஜாவா என்ற மொழி வேறு, இது வேறு. பெயரில் மட்டும்தான் உறவு. 1997-இல் இதற்குத் தரவிதிகள் வகுக்கப்பட்டன. இன்று உங்கள் கையில் இருக்கும் செல்போனின் பிரவுசரிலும் இந்த மொழி இயங்குகிறது. தனியாக எதையும் வாங்கிப் போட வேண்டியதில்லை. சின்னக் கடைக்காரருக்கும் இது எட்டுவதற்கு அதுவே காரணம்.

இதிலிருந்து கிளைத்தது ஜேசான் என்ற எழுத்து முறை. டக்ளஸ் கிராக்போர்டு என்பவர் 2000-க்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகளில் இதைப் பரப்பினார். சாவியையும் மதிப்பையும் நடுவில் முக்காற்புள்ளி போட்டு, நெளி அடைப்புக்குள் எழுதி அனுப்புவதுதான் ஜேசான். ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குக் கணக்கு போக இன்று பெரும்பாலும் இதுவே வாகனம்.

ஏற்றும் முறை

வேலை நான்கு படிகள்தான்.

முதல் படி: கோப்பு முழுவதும் ஒரே நீளமான எழுத்துச் சரமாக உள்ளே வரும். அதை வரி முடிவில் வெட்டி, தனித்தனி வரிகளாக்க வேண்டும். இதற்கு ஸ்பிளிட் என்ற கட்டளை உண்டு.

இரண்டாம் படி: முதல் வரியைத் தனியே எடுத்து, கமாவில் வெட்டி, தலைப்புகளாக வைத்துக்கொள்வது.

மூன்றாம் படி: மற்ற ஒவ்வொரு வரியையும் அதேபோல் வெட்டி, முதல் தலைப்போடு முதல் கட்டம், இரண்டாம் தலைப்போடு இரண்டாம் கட்டம் என்று ஜோடி சேர்ப்பது.

நான்காம் படி: அந்த ஜோடிகளை ஒரு கட்டாகக் கட்டி, சரக்கு எண்ணைச் சாவியாக வைத்துப் பேரேட்டில் ஏற்றுவது.

கேட்பதற்கு மிக எளிது. ஒரு தம்பி அரை மணி நேரத்தில் எழுதிவிடுவார். நாலு வரிப் பட்டியலில் சரியாகவும் வேலை செய்யும். நானூறு சரக்கு உள்ள நிஜப் பட்டியலைக் கொடுக்கும்போதுதான் வம்பு ஆரம்பமாகும். அந்த வம்புகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பதினேழு ரூபாய் மிளகு

விலையை 17500 என்று எழுதாமல், நம் வழக்கப்படி 17,500 என்று ஒருவர் எழுதிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். கணினிக்கு அதுவும் ஒரு கமாதான். அந்த இடத்திலும் வெட்டிவிடும். ஐந்து கட்டம் இருக்க வேண்டிய வரி ஆறு கட்டமாகும். "விலை" என்ற தலைப்பில் 17 போய் உட்காரும். மீதி 500 தலைப்பு இல்லாமல் தொங்கும். ஒரு மூட்டை மிளகு 17 ரூபாய் என்று ஆர்டர் பக்கத்தில் தெரியும். திரையில் எந்த எச்சரிக்கையும் வராது.

விதிப்படி இதற்கு வழி இருக்கிறது. கமா உள்ள கட்டத்தை இரட்டை மேற்கோள் குறிக்குள் எழுத வேண்டும். "பொன்னி அரிசி, பழையது" போன்ற சரக்குப் பெயர்களுக்கும் இதே விதி. கட்டத்துக்குள்ளேயே மேற்கோள் குறி வந்தால் அதை இரண்டு முறை எழுத வேண்டும். எக்செல் இதைத் தானாகவே செய்து கொடுக்கும். ஆனால் வெறும் கமாவில் வெட்டும் புரோகிராமுக்கு மேற்கோள் குறியின் பொருள் தெரியாது. எனவே எழுதிக் கொடுப்பவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது: "மேற்கோள் குறிக்குள் இருக்கும் கமாவை உங்கள் புரோகிராம் வெட்டுமா, விடுமா?" வெட்டும் என்றால், பாப்பா பார்ஸ் போன்ற இலவசத் தயார் நூலகத்தைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். இந்த விதிகள் அதில் ஏற்கெனவே உள்ளன.

அதோடு முடிந்துவிடவில்லை. மேற்கோள் குறிக்குள் இருந்த 17,500 முழுதாக உள்ளே வந்த பிறகு, அதை எண்ணாக மாற்ற வேண்டும். நம்பர் என்ற கட்டளை கொடுத்தால் கமாவைப் பார்த்து "இது எண் அல்ல" என்று சொல்லிவிடும். அது பரவாயில்லை, தவறு வெளியே தெரிந்துவிடும். பார்ஸ்ஃப்ளோட் என்ற கட்டளை கொடுத்தாலோ, கமா வரை படித்துவிட்டு 17 என்று அமைதியாகச் சொல்லும். முன்பு போலவே மிளகு 17 ரூபாய்! விலைக் கட்டத்திலிருந்து கமாவை நீக்கிய பிறகே எண்ணாக மாற்ற வேண்டும்.

வெற்றுக் கட்டம்

சந்தை நிலவரம் தெரியாத நாளில் விலையைப் போடாமல் விட்டு அனுப்புவது மண்டி வழக்கம். நம் கண்ணுக்கு அது "விலை கேட்டுச் சொல்கிறோம்" என்று பொருள். ஜாவாஸ்கிரிப்ட்டின் நம்பர் கட்டளை வெற்றுக் கட்டத்தைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். சரக்கு இலவசம் என்று பக்கத்தில் தெரியும். எங்கள் மண்டிக்கு முதலில் எழுதிக் கொடுத்த ஒருவருடைய புரோகிராமில் இந்தக் கோளாறு இருந்தது. ஏலக்காய்க்கு நேரே பூஜ்யம் நின்றது. பக்கத்தைத் திறக்குமுன் சோதித்துப் பார்த்ததால் தப்பித்தோம். வெற்றுக் கட்டம் வந்தால் அந்தச் சரக்கை "விலை கேட்கவும்" என்று காட்ட வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

முன்னால் நிற்கும் பூஜ்யம்

எண்ணாக மாற்ற வேண்டியது விலையையும் எடையையும் மட்டுமே. எச்.எஸ்.என். குறியீட்டை மாற்றினால் 0713 என்பது 713 ஆகிவிடும். பருப்பு 0713, மிளகும் மிளகாய் வற்றலும் 0904, கொத்தமல்லி விதையும் சீரகமும் 0909, மஞ்சள் 0910. நம் கடைச் சரக்கில் பாதிக்கு முன்னால் பூஜ்யம் நிற்கிறது. 2021 ஏப்ரல் 1 முதல், வரிப்பதிவு உள்ள வியாபாரிக்குப் போடும் பில்லில் 5 கோடி ரூபாய் வரை விற்றுமுதல் உள்ளவர்கள் நான்கு இலக்கமும், அதற்கு மேற்பட்டவர்கள் ஆறு இலக்கமும் போட வேண்டும். பூஜ்யம் விழுந்தால் மூன்று இலக்கம்தான் மிஞ்சும்.

எக்செல்லிலும் இதே தொல்லை உண்டு. கமா பட்டியலை நேரடியாக எக்செல்லில் திறந்தாலே முன் பூஜ்யம் போய்விடும். 890 என்று தொடங்கும் 13 இலக்கப் பார்கோடு எண் சுருங்கி வேறு வடிவில் தெரியும். அப்படியே சேமித்துவிட்டால் கடைசி இலக்கங்கள் திரும்பி வராது. பார்கோடு, செல்போன் எண், எச்.எஸ்.என். ஆகியவற்றை எண்ணாக அல்ல, எழுத்தாகவே வைத்துக்கொள்ள வேண்டும். கூட்டிக் கழிக்காத எதுவும் எண் அல்ல என்று நினைவில் வைத்தால் போதும்.

பைசாவையும் கவனிக்க வேண்டும். இந்த மொழியில் 0.1-உம் 0.2-உம் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும். தொகையைப் பைசாவாக மாற்றி முழு எண்ணாகக் கூட்டி, கடைசியில் ரூபாயாக்குவதே நல்லது.

கண்ணுக்குத் தெரியாதவை

விண்டோஸ் கணினியில் உருவான கோப்பில் ஒவ்வொரு வரி முடிவிலும் இரண்டு மறைகுறிகள் இருக்கும். ஒன்றில் மட்டும் வெட்டினால் மற்றொன்று கடைசித் தலைப்போடு ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்கு "விலை" என்றே தெரியும். ஆனால் "விலை" என்ற சாவியைக் கேட்டால் "அப்படி ஒன்று இல்லை" என்று பதில் வரும். கோப்பின் தொடக்கத்திலும் சில சமயம் இப்படி ஒரு மறைகுறி இருந்து, முதல் தலைப்பைக் கெடுக்கும். "மிளகு" என்பதன் பின்னால் ஒரு இடைவெளி விழுந்தால் அதுவும் வேறு சரக்காகிவிடும். ஒவ்வொரு கட்டத்துக்கும் டிரிம் என்ற கட்டளை கொடுத்தால், இருபுறமும் ஒட்டியிருக்கும் இந்தத் தூசு எல்லாம் போய்விடும்.

தமிழில் பட்டியல் வைப்பவர்களுக்குத் தனியாக இரண்டு எச்சரிக்கைகள். எக்செல்லில் சேமிக்கும்போது சாதாரண சி.எஸ்.வி. என்று சேமித்தால் தமிழ் எழுத்து எல்லாம் கேள்விக்குறியாகிவிடும். யூ.டி.எஃப்-8 என்ற பெயருள்ள சி.எஸ்.வி.யைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அடுத்து, "கொத்தமல்லி" என்பதில் உள்ள "கொ" கணினிக்குள் இரண்டு விதமாகப் பதிவாகக் கூடும். ஒற்றைக்கொம்பையும் காலையும் ஒரே குறியாகப் பதிவது ஒரு விதம், தனித்தனியாகப் பதிவது மற்றொன்று. திரையில் ஒன்றாகவே தெரியும். ஆனால் கணினிக்கு இரண்டும் வேறு. கோதுமைக்கும் பொட்டுக்கடலைக்கும் இதே கதைதான். நார்மலைஸ் என்ற கட்டளை இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும். சரக்குப் பெயரைச் சாவியாக வைக்காமல் சரக்கு எண்ணைச் சாவியாக வைப்பது இன்னும் பாதுகாப்பு.

ஒரே தலைப்பில் இரண்டு கணக்கு

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து இதுதான். ஒரே சாவி இரண்டு முறை வந்தால், ஜாவாஸ்கிரிப்ட் முதலில் வந்ததை அழித்துவிட்டுப் பின்னால் வந்ததை வைத்துக்கொள்ளும். ஒரு வார்த்தை சொல்லாது. காகிதப் பேரேட்டில் ஒரே பெயரில் இரண்டு பக்கம் இருந்தால் கணக்குப்பிள்ளை கண்ணில் படும். இங்கே பழைய பக்கமே இருக்காது.

விலைப்பட்டியலில் இதனால் ஒரு சரக்கின் விலை மாறிப்போகும். பாக்கிப் பட்டியலில் நேர்வது இன்னும் மோசம். ஒரு கடைக்காரருக்கு 12000, 8500, 4250 என்று மூன்று பில் பாக்கி. அவர் பெயரைச் சாவியாக வைத்து ஏற்றினால் கடைசி பில் 4250 மட்டுமே நிற்கும். வர வேண்டியது 24750. மீதி 20500 ரூபாய் கேட்பாரில்லாமல் போகும். விலைப்பட்டியலில் ஒரே எண் மறுபடி வந்தால் நிறுத்திச் சொல்ல வேண்டும். பாக்கிப் பட்டியலில் மறுபடி வந்தால் அழிக்காமல் அதன் கீழேயே சேர்க்க வேண்டும். இந்த வேறுபாட்டைக் கணினித் தம்பிக்கு வியாபாரிதான் சொல்லிக் கொடுக்க வேண்டும், அவருக்கு அது தானாகத் தெரியாது.

மஞ்சள் முதலில் வர

நம் பட்டியல் மஞ்சளில் தொடங்குவது மங்கல வழக்கம். மேலே காட்டிய பட்டியலில் மஞ்சளின் எண் 140. இந்த மொழியில் ஆப்ஜெக்ட் என்ற சாதாரணப் பேரேட்டில் ஏற்றினால், எண் போன்ற சாவிகளை அது தானாகவே சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கிவிடும். பருப்பு முதலிலும் மஞ்சள் கடைசியிலும் வரும். 2015-இல் இம்மொழியில் சேர்க்கப்பட்ட மேப் என்ற பேரேடு நாம் கொடுத்த வரிசையை அப்படியே காப்பாற்றும். ஆனால் மேப்பை நேரடியாக ஜேசானாக மாற்றச் சொன்னால் வெறும் அடைப்புக்குறிதான் வரும், உள்ளே சரக்கு இருக்காது. வேறிடத்துக்கு அனுப்பும்போது வரிசைப் பட்டியலாக மாற்றி அனுப்ப வேண்டும்.

ஜி.எஸ்.டி.யும் இதே வேலைதான்

இதெல்லாம் ஆர்டர் பக்கம் வைத்திருப்பவர்களுக்கு, நமக்கென்ன என்று யாரும் நினைக்க வேண்டாம். 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. நடைமுறையில் உள்ளது. அரசுத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஆஃப்லைன் டூல், நாம் கொடுக்கும் எக்செல் அல்லது சி.எஸ்.வி. விற்பனைப் பட்டியலை வாங்கி ஜேசான் கோப்பாக மாற்றித் தருகிறது. அதைத்தான் தளத்தில் ஏற்றுகிறோம். இ-இன்வாய்ஸ் முறையும் ஜேசானில்தான் நடக்கிறது. 2020 அக்டோபர் 1-இல் 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களோடு தொடங்கிய அது, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடியைத் தாண்டியவர்கள் வரை இறங்கி வந்துவிட்டது. வரியைத் தலைப்பாக மாற்றும் இந்த வேலை ஆடிட்டர் மேசையில் மாதந்தோறும் நடக்கிறது. கொடுக்கும் பட்டியல் சுத்தமாக இருந்தால் அங்கேயும் தகராறு குறையும்.

வியாபாரி செய்ய வேண்டிய சோதனை

புரோகிராமைப் படிக்க நமக்குத் தெரிய வேண்டாம். கணக்குச் சரிபார்க்கத் தெரியும் அல்லவா? அது போதும். பட்டியல் ஏறியவுடன் கீழ்க்கண்டவற்றைத் திரையில் காட்டும்படி எழுதச் சொல்லுங்கள்.

1. தலைப்பு நீங்கலாகக் கோப்பில் எத்தனை வரி, பேரேட்டில் எத்தனை சரக்கு. இரண்டும் சமமாக இருக்க வேண்டும். குறைந்தால் ஏதோ ஒன்று அழிந்திருக்கிறது.

2. தலைப்பு எத்தனை கட்டமோ அத்தனை கட்டம் இல்லாத வரிகள் எவை. அவற்றை ஏற்றாமல் தனியே காட்ட வேண்டும்.

3. விலைகளின் கூட்டுத்தொகை. கோப்பில் கூட்டினாலும் பேரேட்டில் கூட்டினாலும் ஒன்றே வர வேண்டும். நம் உதாரணத்தில் 33250. விலைகளைக் கூட்டுவதில் பொருளில்லை என்றாலும், ஒரு இலக்கம் விழுந்தால் இது காட்டிக் கொடுத்துவிடும்.

4. விலை பூஜ்யமாக உள்ளவை, நேற்றைய விலையிலிருந்து பெரிதும் மாறியவை எவை எவை. 17 ரூபாய் மிளகு இங்கே மாட்டிக்கொள்ளும்.

5. இவை நான்கும் சரியாகும் வரை பழைய விலையே பக்கத்தில் நிற்க வேண்டும்.

தம்பி எழுதிக் கொடுத்த அன்றே ஒரு சோதனைப் பட்டியலை நீங்களே தயார் செய்து கொடுங்கள். அதில் ஒரு விலைக்குக் கமா போடுங்கள், ஒரு விலையைக் காலியாக விடுங்கள், ஒரு எண்ணை இரண்டு முறை எழுதுங்கள், ஒரு பெயருக்குப் பின்னால் இடைவெளி விடுங்கள். நான்கையும் பிடித்துச் சொன்னால் கடையில் வைக்கலாம். ஒன்றை விட்டாலும் திருத்தி வரச் சொல்லுங்கள். தராசு வாங்கினால் படிக்கல் வைத்துப் பார்த்துத்தானே வாங்குகிறோம்!

அந்தக் காலத்தில் பேரேடு ஏற்றியவுடன் கணக்குப்பிள்ளை இருப்புக் கட்டிப் பார்ப்பார். தொகை இடிக்கும்வரை விளக்கை அணைக்க மாட்டார். இன்று ஏற்றுவது கணினியாக இருந்தாலும் இருப்புக் கட்டிப் பார்க்கும் கடமை வியாபாரியிடமே இருக்கிறது. அதை விடாமல் செய்கிற கடையில் எந்தக் கணினியும் நஷ்டம் வைக்காது.